இரும்பு ஊர்ல ஒரு ரத்தசோகை இட்லிப்பூ!

இன்பிளான்ட் டிரெயினிங்னா என்னன்னு உங்களுக்குத் தனியா சொல்லித் தர வேண்டியதில்ல. முதல் நாள் ஹெல்மெட் கொடுப்பாங்க, செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடுவோம். ரெண்டாம் நாள் 'சேஃப்டி' பத்தி ஒரு மணி நேரம் கிளாஸ். மூணாம் நாள்ல இருந்து நாம அங்க இருக்கோம்ங்கறதையே எல்லாரும் மறந்துடுவாங்க. "எங்கம்மா போகணும்?"னு செக்யூரிட்டி தினமும் புதுசா கேப்பார்.

நான் கெமிக்கல் இன்ஜினீயரிங், மூணாம் வருஷம். போன ஜூன்ல ஆறு வாரம் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில டிரெயினிங். கம்பெனி பேர் வேணாம், ஏன்னு போகப் போகப் புரியும். வீடு மீஞ்சூர். காலையில லோக்கல் ட்ரெயின் ஏறினா அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, அப்புறம் கும்மிடிப்பூண்டி. இடையில ஏதாவது கூட்ஸ் வண்டிக்கு வழி விடணும்னு நம்ம வண்டி வயல் நடுவுல நின்னு தியானம் பண்ணும். இந்த லைன்ல வர்றவங்களுக்கு அது பழக்கம்தான்.

சிப்காட்டுக்குள்ள நுழைஞ்சாலே இரும்பு வாசனை. உருக்கறது, வார்க்கறது, கம்பியா இழுக்கறதுன்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் இரும்பு. ரோட்டோரத் தூசியில காந்தத்தை உருட்டினா மீசை மொளைக்கும். (உருட்டிப் பார்த்துட்டேன்!) இந்த ஊர்ல இரும்பு இல்லாம ஒரு ஜீவன் செத்துட்டு இருந்துச்சுன்னா நம்புவீங்களா? ஒண்ணு இல்ல, சுமார் முந்நூறு. எல்லாம் இட்லிப்பூச் செடிங்க.

இட்லிப்பூ தெரியும்ல? கோயில் வாசல், ஸ்கூல் காம்பவுண்டு, கலெக்டர் ஆபீஸ்னு எங்க பார்த்தாலும் இடுப்பளவு உயரத்துக்குக் கரும்பச்சை இலையும், கைப்பிடி அளவு சிவப்புக் கொத்துமா நிக்குமே... அதேதான். சின்ன வயசுல ஒவ்வொரு பூவா உருவி, அடிக்குழாயை வாயில வெச்சு அந்த ஒரு துளி தேனை உறிஞ்சாத ஆளுங்க கையைத் தூக்குங்க. யாரும் தூக்க மாட்டீங்க!

எங்க கம்பெனி கேட்ல இருந்து ஆபீஸ் வரைக்கும் காம்பவுண்டு சுவரை ஒட்டி நீளமா ஒரு பாத்தி. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கற பெரிய ஆலைகளுக்கு மொத்த இடத்துல 33 சதவீதம் பசுமைப் பட்டை இருக்கணும்னு நிபந்தனை போடறது வழக்கமா இருந்துச்சு. அதோட அழகுக்கும் ஆச்சுன்னு அதுக்கு முந்தின வருஷம் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்னைக்கு இதுங்களை நட்டிருக்காங்க. போட்டோவும் எடுத்து மாட்டியிருக்காங்க. போட்டோவுல எல்லாம் பச்சை. நேர்ல பார்த்தா மஞ்சள். சாதா மஞ்சள் இல்ல, நரம்பு மட்டும் பச்சையா, நடுவுல எலுமிச்சை மஞ்சளா, யாரோ இலை மேல மேப் வரைஞ்ச மாதிரி. சில செடியில நுனி இலை வெளுத்து வெள்ளையாவே ஆயிடுச்சு. பூ? நாலஞ்சு செடியில பேருக்கு ஒரு கொத்து.

அந்தச் செடிங்ககிட்ட உட்கார்ந்திருந்தவங்கதான் தோட்டத்து அக்கா. காண்ட்ராக்ட்ல வேலை. வயசுக்கு அம்மான்னு கூப்பிடணும், "அக்கான்னே கூப்டு பாப்பா"ன்னுட்டாங்க. ஆரம்பாக்கம் பக்கம் ஊரு. அங்க இருந்து ஆந்திரா எட்டிப் பிடிக்கற தூரம்தான், அதனால அவங்க பேச்சுல தமிழும் தெலுங்கும் மாத்தி மாத்தி வரும். "இதுக்கு உங்க ஊர்ல இட்லிப்பூ. எங்க வீட்ல நூறு வரஹாலு"ன்னாங்க. நூறு வராகன்! ஒரு கொத்துல நூறு பொற்காசு. நாம அதுல இட்லியைப் பார்த்திருக்கோம், அவங்க காசைப் பார்த்திருக்காங்க. பசி யாருக்குன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

அன்னைக்கு அக்கா முகம் சரியில்ல. கேட்டதுக்கு, "தண்ணி ஊத்தலைன்னு சொல்லி மூணு நாள் கூலி புடிச்சிட்டாங்க பாப்பா"ன்னாங்க. சூப்பர்வைசர் கணக்கு ரொம்ப சிம்பிள்: செடி மஞ்சளானா தண்ணி பத்தல, தண்ணி பத்தலைன்னா தோட்டக்காரி சோம்பேறி. ஜூலை கடைசியில ஹெட் ஆபீஸ்ல இருந்து ஆளுங்க வர்றாங்களாம். அதுக்குள்ள பச்சையாகலைன்னா வேற ஆளு. அதனால அக்கா ஒரு வேளை ஊத்தின தண்ணியை ரெண்டு வேளை ஊத்தினாங்க. செடி இன்னும் மஞ்சளாச்சு. யூரியா வாங்கிக் கொடுத்தாங்க, போட்டாங்க. இன்னும் மஞ்சள்.

எனக்கு அந்த இலையைப் பார்க்கப் பார்க்க என்னவோ உறுத்திச்சு. ஏன்னு சொல்றேன். அதுக்கு மூணு மாசம் முன்னாடி காலேஜ்ல ரத்த தான முகாம். ஃப்ரெண்ட்ஸ் கும்பலோட கெத்தா போனேன். விரல்ல குத்திப் பார்த்துட்டு அந்த அக்கா, "உனக்கே பத்தல, நீ யாருக்கும்மா தரப் போற?"ன்னு அனுப்பிட்டாங்க. ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் குறைஞ்சது 12.5 இருக்கணும். எனக்கு 10.8. சர்ட்டிஃபிகேட்டும் கிடைக்கல, ஃப்ரூட்டியும் கிடைக்கல. நான் மட்டும்னு நினைக்காதீங்க. 2019-21ல எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, 15ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்க கிளாஸ்ல ரெண்டு பொண்ணுங்க உட்கார்ந்திருந்தா அதுல ஒருத்திக்குன்னு வெச்சுக்கலாம். மூச்சு வாங்கும், மத்தியான கிளாஸ்ல தூக்கம் வரும், 'சோம்பேறி'ன்னு பேர் மட்டும் கரெக்டா கிடைக்கும். அக்காவைச் சொன்ன அதே வார்த்தை.

ராத்திரி வீட்ல உட்கார்ந்து தேடினப்போ விஷயம் பளிச்சுன்னு வந்துச்சு. நரம்பு பச்சை, நடுவுல மஞ்சள், அதுவும் இளம் இலையில மட்டும்னா... இரும்புச் சத்துக் குறைபாடு. செடிக்கும் எனக்கும் ஒரே வியாதி!

இளம் இலையில மட்டும் ஏன்னு கேக்கறீங்களா? இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். செடிக்குத் தழைச்சத்து பத்தலைன்னா, பழைய இலையில இருக்கறதைப் பிரிச்சு எடுத்துக் குருத்துக்கு அனுப்பிடும். அதனால கீழ் இலைதான் முதல்ல மஞ்சளாகும். தாத்தா பாட்டி பட்டினி கிடந்து பேரப்பிள்ளைக்கு ஊட்டற கதை. இரும்பு அப்படி இல்ல. ஒரு இலைக்குள்ள போய் உட்கார்ந்துட்டா பெரும்பாலும் நகராது. புது இலைக்கு வேர்ல இருந்து புதுசா வந்தாகணும். வரலைன்னா குருத்து வெளுத்துடும், கீழே பழைய இலை ஜம்முனு பச்சையா இருக்கும். எங்க பாத்தியில அப்படியேதான் இருந்துச்சு. ஆக, யூரியா போட்டது காய்ச்சலுக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட கதை.

இன்னொண்ணு. பச்சையத்துக்கு நடுவுல இருக்கறது இரும்பு இல்ல, மெக்னீசியம். ஆனா அந்தப் பச்சையத்தைத் தயாரிக்கற வேலைக்கு இரும்பு கட்டாயம் வேணும். நம்ம ரத்தத்துல ஹீமோகுளோபின் நடுவுலயே இரும்பு. ரெண்டு மூலக்கூறுக்கும் வளையம் கிட்டத்தட்ட ஒரே டிசைன். படத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, அண்ணன் தங்கச்சி மாதிரி இருக்கும்.

சரி, இரும்பு ஊர்ல இரும்பு ஏன் கிடைக்கல? மண்ணுல இல்லாமலா? தாராளமா இருக்கு. கரையாம இருக்கு, அதான் பிரச்னை. மண்ணோட பி.எச். ஒரு யூனிட் கூடினா கரைஞ்சிருக்கற ஃபெர்ரிக் அயனி ஆயிரம் மடங்கு குறையும். இட்லிப்பூவுக்குப் பிடிச்சது அஞ்சு, அஞ்சரை மாதிரி புளிப்பு மண். அதுக்கு மேல மூணு யூனிட் ஏறினா? ஆயிரம் இன்ட்டு ஆயிரம் இன்ட்டு ஆயிரம்... நூறு கோடி மடங்கு! இது பேப்பர் கணக்கு. நிஜத்துல மக்கின இலைதழையில இருக்கற பொருட்கள் கொஞ்சம் இரும்பைப் பிடிச்சுக் கரைய வெச்சிருக்கும். வேரும் சும்மா இருக்காது, தானே அமிலத்தைச் சுரந்து, இரும்பைக் கரையற வடிவத்துக்கு மாத்தி உறிஞ்சப் பார்க்கும். ஆனா சுத்தி இருக்கற மண்ணு பூரா சுண்ணாம்பா இருந்தா அது எவ்வளவு நாள் மல்லுக்கட்டும்?

மறுநாள் எங்க வாட்டர் லேப் கெமிஸ்ட் சார்கிட்ட போய் நின்னேன். கூலிங் டவர் தண்ணியை டெஸ்ட் பண்ற லேப் அது. "சார், கொஞ்சம் மண்ணு டெஸ்ட் பண்ணிக்கவா?" மனுஷன் நிமிர்ந்து பார்த்து, டிரெயினிங் வந்த புள்ள தானா ஒரு வேலை கேக்குதேன்னு அதிர்ச்சியில சரின்னுட்டார். 20 கிராம் மண்ணு, 50 மில்லி காய்ச்சி வடிச்ச தண்ணி, நல்லா கலக்கி அரை மணி நேரம் விட்டு மீட்டரை இறக்கினேன். 8.4.

அடுத்து போர்வெல் தண்ணி. கடினத்தன்மை பார்க்க ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன். இங்க ஒரு ரகசியம். எனக்கு ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல கெமிஸ்ட்ரி அரியர். முதல் யூனிட்டே 'தண்ணீர்'. ஒயின் ரெட்ல இருந்து ஸ்டீல் ப்ளூ வரணும்ங்கற அதே டைட்ரேஷனைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிக் கோட்டை விட்டவ, இங்க தானா விரும்பி மூணு தடவை போட்டேன்! வந்த விடை 640. குடிக்கற தண்ணிக்கு வேற வழியே இல்லைன்னா அனுமதிக்கற உச்ச வரம்பு 600. அதாவது அக்கா பாவம், செடி பிழைக்கணும்னு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை சுண்ணாம்புத் தண்ணி ஊத்திட்டு இருந்திருக்காங்க. கூலியைப் பிடிக்கப் பிடிக்க அதிகமா ஊத்தினாங்க, ஊத்த ஊத்த மஞ்சளாச்சு, மஞ்சளாக ஆக மறுபடி கூலி பிடிச்சாங்க. இந்த லூப்பை எந்த ப்ராசஸ் கன்ட்ரோல் புக்லயும் நான் படிக்கல.

இதை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அக்காகிட்ட போய்ச் சொன்னேன். அவங்க என்னைக் கூட்டிட்டுப் போய் பாத்தியோட ஒரு மூலையைக் காட்டினாங்க. கேன்டீன் பின்பக்கம். அங்க மட்டும் ஏழெட்டுச் செடி கரும்பச்சையா, கொத்துக் கொத்தாப் பூத்து நிக்குது! "டீத்தூள் கொட்டற இடம் பாப்பா. இங்க மட்டும் நல்லா இருக்கு. சுவர்கிட்ட இருக்கறது மட்டும் ரொம்ப மோசம். சுவர் ஏதோ பண்ணுதுன்னு சொன்னேன், சிரிச்சாங்க." மண்ணைக் கிளறினா ஒரு ஜான் ஆழத்துல கட்டட வேலைக்கு வந்த காங்கிரீட் துண்டும் சிமென்ட் கழிவும். நீர்த்த அமிலம் ரெண்டு சொட்டு விட்டேன், சோடா மாதிரி பொங்கிச்சு. கேன்டீன் மூலை மண்ணு பி.எச். 6.9. மீட்டர் இல்லாம, யூனிட் இல்லாம, அக்கா ஒரு வருஷமா கண்ணால பார்த்து வெச்சிருந்த ரிசல்ட்டுக்கு நான் நம்பர் மட்டும்தான் எழுதினேன். சுவர் நிஜமாவே 'ஏதோ' பண்ணிட்டுதான் இருந்துச்சு.

இந்தச் செடியோட பூர்வீகம் தெரிஞ்சா அது ஏன் இப்படி அடம்பிடிக்குதுன்னு புரியும். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதோட சொந்த ஊர். கேரளாவுல செத்தி, தெச்சின்னு கூப்பிடுவாங்க. மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டி சுண்ணாம்பை எல்லாம் கழுவிட்டுப் போன சிவந்த செம்புறை மண்ணு அங்க. புளிப்பு மண்ணு, இரும்பு நிறைய. அங்க வளர்ந்ததைக் கொண்டுவந்து சிமென்ட் மேட்டுல நட்டா? நம்ம பாத்தியில இருந்த செடிங்க கடியம் நர்சரியில இருந்து லாரியில வந்ததாம். ராஜமுந்திரி பக்கத்துல கோதாவரிக் கரையில இருக்கற ஊர் அது, ஊர் பூரா நர்சரிதான். கொல்கத்தா ஹைவேயில பச்சை வலை மூடி வர்ற செடி லாரியைப் பார்த்திருப்பீங்களே, அதுல நிறைய அங்க இருந்து வர்றதுதான்.

நம்ம தமிழ்ல இதுக்கு ஒரிஜினல் பேர் வெட்சி. ப்ளஸ் டூ தமிழ்ல புறத்திணை படிச்சது ஞாபகம் இருக்கா? பகை நாட்டு மாட்டை ஓட்டிட்டு வரப் போறவங்க சூடிட்டுப் போற பூ. அதை மீட்கப் போறவங்க கரந்தை. தொல்காப்பியத்துல போர் ஆரம்பிக்கறதே வெட்சியிலதான். அந்த வீரப்பூ இன்னைக்கு ஆபீஸ் வாசல்ல டப்பா ஷேப்ல வெட்டிக்கிட்டு நிக்குது, பாவம். 1600கள்ல கொச்சியில டச்சுக் கவர்னரா இருந்த வான் ரீட் வெளியிட்ட 'ஹோர்த்தஸ் மலபாரிக்கஸ்' தொகுதிகள்ல செத்தியும் இருக்கு. 1753ல லின்னேயஸ் இதுக்கு 'இக்ஸோரா'ன்னு பேர் வெச்சார். ஈஸ்வரன்ங்கற பேர் போர்ச்சுகீசியர் வாயில மாறி வந்தது அது. தென் அமெரிக்காவுல இருக்கற சுரினாம் நாட்டுக்கு இதுதான் தேசியப் பூ. அங்க வெச்சிருக்கற பேருக்கு 'நெருப்புக் காதல்'னு அர்த்தமாம்! காதலர் தினத்துக்கு ரோஜா வாங்கக் காசு இல்லாதவங்க நோட் பண்ணிக்கோங்க.

காபிச் செடி, இட்லிப்பூ ரெண்டும் ஒரே குடும்பம்ங்கறது இன்னொரு இன்ப அதிர்ச்சி. எதிரெதிரா ரெண்டு ரெண்டு இலை, நடுவுல குட்டியா ஒரு முக்கோணச் செதில்னு ஜாடை அப்படியே தெரியும். இட்லியும் காபியும் சொந்தக்காரங்கன்னு நமக்குத்தான் முதல்லயே தெரியுமே!

அடுத்த தடவை பூவை உறிஞ்சறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அதைப் பாருங்க. மெல்லிசா நீளமா ஒரு குழாய், மேல நாலு இதழ். அவ்வளவு ஒல்லிக் குழாயோட அடியில தேன். நீளமா நாக்கு இருக்கற பட்டாம்பூச்சிக்குத்தான் எட்டும். மொட்டு விரியறதுக்கு முன்னாடியே உள்ளே மகரந்தப் பை வெடிச்சு, மகரந்தத்தைச் சூல்தண்டோட நுனியில பூசிவிட்டுடும். பூ விரிஞ்சதும் அந்தத் தண்டு மகரந்தத்தைத் தூக்கிட்டு வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும், பட்டாம்பூச்சி மூஞ்சியில அப்பறதுக்கு. மகரந்தம் போனப்புறம்தான் அந்த நுனி ரெண்டாப் பிரிஞ்சு பெண் வேலையைப் பார்க்கும். ஒரே குச்சி, முதல் ஷிஃப்ட்ல கொடுக்கும், ரெண்டாவது ஷிஃப்ட்ல வாங்கும். சிப்காட்டுக்கு ஏத்த பூதான்.

இப்போ வைத்தியம். மண்ணை மாத்தணும், தண்ணியை மாத்தணும், அதுவரைக்கும் இலை வழியா இரும்பு கொடுக்கணும். ஃபெர்ரஸ் சல்பேட். நாட்டு மருந்துக் கடையில கேட்டா அன்னபேதி உப்புன்னு கொடுப்பாங்க, சித்த மருத்துவத்துல ரத்தசோகைக்குச் செந்தூரம் பண்றது இதுலதான். அரசாங்கப் பள்ளியில வாரா வாரம் கொடுக்கற நீல மாத்திரை ஞாபகம் இருக்கா? வாயில போட்டு, டீச்சர் அந்தப் பக்கம் திரும்பினதும் ஜன்னல் வழியா துப்புவோமே... அதுல இருக்கறதும் இதே உப்புதான். எத்தனை ஜன்னலோரச் செடிக்கு இரும்பு கொடுத்திருக்கோம் பாருங்க!

அரை சதவீதக் கரைசல் தெளிக்கணும். லிட்டருக்கு 5 கிராம். கூடவே சிட்ரிக் ஆசிட் கொஞ்சம், இரும்பு தண்ணியிலயே துருப்பிடிச்சுப் படியாம இருக்க. நான் என்ன பண்ணேன்? சொல்லவே வெட்கமா இருக்கு. 0.5ல புள்ளியை விட்டுட்டேன். லிட்டருக்கு 50 கிராம். அதையும் மத்தியானம் 12 மணி வெயில்ல தெளிச்சேன். சாயங்காலத்துக்குள்ள பத்துச் செடியோட இலை கறுத்துச் சுருண்டுடுச்சு. போதாக்குறைக்கு ஆபீஸ் வாசல் தரையில சிந்தினது பூரா காவிக் கலர்ல துருக்கறை. யாரோ வெத்தலை போட்டுத் துப்பின மாதிரி!

சூப்பர்வைசர் வந்து பார்த்துட்டு நேரா அக்காவைத்தான் திட்டினார். எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. "நான்தான் சார் பண்ணேன்"னு சொல்ல ஒரு நிமிஷம் ஆச்சு. அந்த ஒரு நிமிஷத்தை நினைச்சா இப்பவும் கூச்சமா இருக்கு. டிரெயினிங் சர்ட்டிஃபிகேட் போயிடுமோங்கற பயம்தான். அதுக்குள்ள அக்கா ஹோஸைப் போட்டு செடிங்களைக் குளிப்பாட்ட ஆரம்பிச்சுட்டாங்க. "உப்பு அதிகமானா தண்ணி ஊத்தணும், குழம்புக்கு அதான?"ன்னாங்க. நாலு செடி போச்சு. ஆறு பிழைச்சுது. தரையை நான்தான் தேய்ச்சேன், முழுசாப் போகவே இல்ல. போய்ப் பார்த்தா இன்னும் இருக்கும்.

கெமிஸ்ட் சார் என் நோட்டை வாங்கிப் பார்த்து, புள்ளியைப் பெருசா வட்டம் போட்டார். திட்டல. மறுநாள் அவரே ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்தார், ஈ.டி.டி.ஏ.ல கட்டின இரும்பு. எந்த ஈ.டி.டி.ஏ.? அரியர் ஈ.டி.டி.ஏ.வேதான்! டைட்ரேஷன்ல கால்சியத்தை நண்டு மாதிரி கவ்விப் பிடிக்கறது, இங்க இரும்பைக் கவ்வி, துருவாகாம பாதுகாக்கும். ஆனா மண்ணு பி.எச். ஆறரைக்கு மேல போனா இதோட பிடி தளரும். எட்டுக்கு மேல இருக்கற எங்க மண்ணுக்கு வேற வகை வேணும், விலை அதிகம். அதனால இதை இலைக்கு மட்டும், சாயங்காலம், சரியான அளவுல. இந்தத் தடவை தராசுல நான் நிறுத்ததை அக்கா எட்டிப் பார்த்துட்டுதான் கலக்க விட்டாங்க.

மண்ணு வேலை பெருசு. கெமிஸ்ட் சார் என் ரீடிங்கை எல்லாம் ஒரு பக்கத்துக்கு டைப் பண்ணி மேல அனுப்பினப்புறம் ஆள் கொடுத்தாங்க. சுவரை ஒட்டி ஒன்றரை அடி தோண்டி, காங்கிரீட்டை அள்ளி, செம்மண்ணும் மக்கின தென்னை நார்க் கழிவும் சாணி உரமும் போட்டு மேடா நிரப்பினாங்க. கொஞ்சம் கந்தகத்தூளும் கலந்தோம். மண்ணுல இருக்கற பாக்டீரியா அதை மெதுவா அமிலமாக்கும், மாசக்கணக்குல ஆகும். தண்ணிக்கு அக்கா ஐடியாதான் சூப்பர். ஆபீஸ் ஏ.சி. எல்லாம் பின்பக்கம் சொட்டிக்கிட்டே இருக்குல்ல? அது காத்துல இருந்து குளிர்ந்து வடிஞ்ச தண்ணி, சுண்ணாம்பு துளிகூட இல்ல. ஒவ்வொரு குழாய்க்கும் கீழ ஒரு பழைய பெயின்ட் டப்பா. முந்நூறு செடிக்குப் பத்தாது, ரொம்ப மோசமா இருந்ததுக்கு மட்டும். காஸ்ட் ஜீரோ!

இன்னொரு தப்பும் நின்னுச்சு. பாத்தி நேரா இருக்கணும்னு வாரா வாரம் கத்திரியால மட்டமா வெட்டிட்டு இருந்தாங்க. இட்லிப்பூ கிளை நுனியிலதான் மொட்டு வைக்கும். நுனியை வெட்டிக்கிட்டே இருந்தா எங்க இருந்து பூக்கும்? "பூ ஓய்ஞ்சப்புறம் ஒரு வெட்டு. அப்புறம் அதை அது பாட்டுக்கு விடணும்"னு அக்கா எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க. இந்தத் தடவை அதையும் கெமிஸ்ட் சார் டைப் பண்ணின பேப்பர்ல சேர்த்துட்டேன். பேப்பர்ல வந்ததும் கேட்டுக்கிட்டாங்க. இதுல எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அஞ்சாவது வாரம் புதுக் குருத்து வந்துச்சு. இட்லிப்பூ மெதுவா வளர்ற ஜாதி, தினமும் போய்ப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஒரு திங்கக்கிழமை போனா, செம்பு கலந்த பச்சையில, பளபளன்னு, மேப் இல்லாத இலை! முந்நூறுலயும் இல்ல, பாதிக்குப் பாதி இருக்கும். ஹெட் ஆபீஸ் ஆளுங்க வந்தாங்க, காரைவிட்டு இறங்கினாங்க, செடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காம உள்ளே போயிட்டாங்க. அக்காவும் நானும் முகத்தைப் பார்த்துக்கிட்டு சிரிச்ச சிரிப்பு இருக்கே... அக்கா வேலை தப்பிச்சுது. பிடிச்ச கூலி? அடுத்த மாசத்துல இருந்து பிடிக்கறதை நிறுத்திட்டாங்க. பிடிச்சது பிடிச்சதுதான், திரும்பி வரல. கேட்டுப் பார்த்தேன், "அது காண்ட்ராக்டர் சமாசாரம்மா"ன்னு சொல்லிட்டாங்க.

என் கதைக்கு வர்றேன். தினமும் கேன்டீன்ல மூணு டீ குடிப்பேன், மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச கையோட ஒண்ணு உட்பட. ஒரு நாள் அங்க முதலுதவி ரூம் நர்ஸ் அக்கா பார்த்துட்டு, "இரும்பு மாத்திரையும் போடற, மேல டீயையும் ஊத்தறியா?"ன்னாங்க. டீயில இருக்கற டேனின் சாப்பாட்டு இரும்பைப் பிடிச்சு வெச்சுக்குமாம், உடம்புல சேர விடாது. நெல்லிக்காய், எலுமிச்சை மாதிரி புளிப்பு இருந்தா நல்லா சேருமாம். வயித்துக்குள்ளயும் அதே பாடம்: இரும்பு இருந்தா மட்டும் போதாது, கரையணும். செடிக்கு டீத்தூள் அமிர்தம், எனக்கு வில்லன்! சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரம் இடைவெளி விட ஆரம்பிச்சேன். டாக்டரைப் பார்த்து ஒழுங்கா மாத்திரை போட்டு, டிசம்பர்ல பார்த்தப்போ 12.1. இன்னும் ரத்தம் கொடுக்க முடியாது. பக்கத்துல வந்துட்டேன். அரியர் கிளியர் ஆயிடுச்சு, ஈ.டி.டி.ஏ. கேள்வியே வந்துச்சு!

கடைசி நாள் அக்கா கேன்டீன் மூலைச் செடியில இருந்து ஆறு குச்சி ஒடிச்சு ஈர சாக்குல சுத்திக் கொடுத்தாங்க. ரொம்ப இளசும் இல்லாம, முத்தினதும் இல்லாம, பென்சில்ல பாதி கனம், அரை ஜான் நீளம். கீழ் இலையை எடுத்துட்டு, மேல ரெண்டு இலையைப் பாதியா வெட்டிட்டு, மணலும் தென்னை நார்க் கழிவும் கலந்த கப்புல செருகி, அடி வெட்டின தண்ணி பாட்டிலை மேல கவுத்துடணும். உள்ளே வேர்வை மாதிரி ஈரம் கோத்துக்கும், இலை வாடாது. வேர் இல்லாத குச்சி தாகமா இருக்கக்கூடாதுல்ல? நிழல்ல வைக்கணும். ரெண்டு மாசம் தொடக்கூடாது. "வேர் வந்துச்சான்னு புடுங்கிப் பாக்காத. இன்ஜினீரு புள்ளைங்க அதான் பண்ணும்"னாங்க.

மூணாவது வாரம் ஒண்ணைப் புடுங்கிப் பார்த்தேன். செத்துப்போச்சு. ரெண்டு தானா அழுகிடுச்சு. மூணு பிழைச்சு, இப்போ மீஞ்சூர் மொட்டை மாடியில செம்மண்ணு தொட்டியில நிக்குது. எங்க வீட்டு ஏ.சி. தண்ணி எதிர்வீட்டு மாடியில விழும், அதனால மழைத் தண்ணியைப் பிடிச்சு வெச்சு ஊத்தறேன். நல்லா பச்சை. ஒரு அடி உயரம். இன்னும் பூக்கல.

போட்டோ எடுத்து அக்காவோட பையன் நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. பின்னாடி டி.வி. சத்தம், யாரோ தெலுங்குல சண்டை போடற சத்தம், நடுவுல அக்கா: "நல்லா இருக்கு பாப்பா. நுனியைக் கிள்ளாம விடு. நீ டீயைக் கொறச்சியா?"